ஒரு நாள் மகாராஜா

பிளேக் நோயை ஊர்வலம் விட்டு எரித்த பாட்ரிக் கெட்டிஸ் வரலாறு

திருப்பூரைப் பனியன் நகரம் என்பார்கள். அங்கே பின்னித் தைத்த ஆடைகள் கப்பல் ஏறி உலகமெல்லாம் போகின்றன. பிழைப்புத் தேடிப் பல ஊர்க்காரர்கள் அங்கே வந்து சேர்ந்தார்கள். வாடகை கொடுக்க முடிந்தவர்கள் மேட்டில் குடியேறினார்கள். முடியாதவர்கள் ஓடைக்கரையில் சுவர் எழுப்பிக்கொண்டார்கள்.

2011ஆம் ஆண்டு நவம்பர் மாதம். ஐப்பசி மழை கொட்டித் தீர்த்தது. நொய்யல் ஆற்றில் போய்ச் சேரும் ஓடைகள் பொங்கி எழுந்தன. சங்கிலிப் பள்ளத்தின் கரையில் இருந்த ஏழைகளின் வீடுகளுக்குள் வெள்ளம் பாய்ந்தது. சுவர்கள் சரிந்தன. சில உயிர்களும் போயின.

இப்படிப்பட்ட நேரத்தில் என்ன நடக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தைத் திறந்து விடுவார்கள். சோற்றுப் பொட்டலம் வரும். போர்வை வரும். நல்ல மனம் படைத்தவர்கள் ஓடி வந்து உதவுவார்கள்.

அதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் பத்து நாள் கழித்து? பல ஊர்களில் ஜனங்கள் மறுபடியும் அதே கரைக்குப் போவார்கள். அதே இடத்தில் அதே சுவரை எழுப்புவார்கள். அல்லது வேலைக்கு எட்டாத தூரத்தில் ஒரு வீடு கிடைக்கும். பஸ் கூலிக்கே பாதிச் சம்பளம் போய்விடும்.

ஆபத்துக் காலத்தில் செய்யும் உதவி, நிலையான நல்ல ஊராக மாற வேண்டும். அதற்கு என்ன வழி?

நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் இந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு நம்முடைய தெருக்களில் நடந்தார். நரைத்த தாடி, கலைந்த தலை, கசங்கிய கோட்டு. அவர்தான் பாட்ரிக் கெட்டிஸ்.

தோட்டத்தில் படித்த பாடம்

கெட்டிஸ் 1854ஆம் ஆண்டு அக்டோபர் 2ந் தேதி ஸ்காட்லாந்து நாட்டில் பிறந்தார். தகப்பனார் பட்டாளத்தில் இருந்தவர். அவர் பெர்த் என்ற ஊருக்குப் பக்கத்தில் குன்றின் மேல் ஒரு சின்ன வீட்டில் குடியிருந்தார்.

வீட்டைச் சுற்றித் தோட்டம். அதுதான் சிறுவனுக்கு முதல் பள்ளிக்கூடம். தகப்பனாரோடு சேர்ந்து அவன் விதை போட்டான். களை பறித்தான். ஒரு செடி வாடினால் அதைப் பிடுங்கி எறியக் கூடாது. வேரைப் பார்க்க வேண்டும், மண்ணைப் பார்க்க வேண்டும், தண்ணீர் போகிறதா என்று பார்க்க வேண்டும். இந்தப் பாடத்தை அவர் சாகும் வரையில் மறக்கவில்லை.

மகன் பாங்கியில் உத்தியோகம் பார்க்க வேண்டும் என்று தகப்பனார் ஆசைப்பட்டார். தகப்பன் சொல்லைத் தட்டாமல் பையனும் சுமார் ஒன்றரை வருஷம் கணக்கு எழுதினான். ஆனால் மனம் செடி கொடிகளைச் சுற்றியே வந்தது. கடைசியில் லண்டனுக்குப் போய், தாமஸ் ஹக்ஸ்லி என்ற பேர்பெற்ற விஞ்ஞானியிடம் உயிர்நூல் படித்தார்.

இருட்டில் பிறந்த யோசனை

1879ஆம் ஆண்டு ஆராய்ச்சிக்காக மெக்சிகோ நாட்டுக்குப் போனார். அங்கே அவருக்குப் பெரிய சோதனை வந்தது. கண் பார்வை மங்கிவிட்டது!

வைத்தியர்கள் அவரை இருட்டு அறையில் அடைத்துவிட்டார்கள். வாரக்கணக்கில் வெளிச்சமே இல்லை. இளம் விஞ்ஞானிக்குக் கண் போனால் வாழ்க்கையே போன மாதிரிதானே?

ஒரு நாள் கெட்டிஸ் தடவிக்கொண்டே ஜன்னல் பக்கம் போனார். கையில் ஜன்னலின் கட்டங்கள் தட்டுப்பட்டன. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பொருளை மனதில் வைத்துக்கொண்டார். ஒரு கட்டம் ஊர். ஒரு கட்டம் தொழில். ஒரு கட்டம் ஜனங்கள். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் என்ன சம்பந்தம் என்று விரலால் தடவித் தடவி யோசித்தார்.

பார்வை திரும்பியது. ஆனால் பூதக் கண்ணாடியில் நெடுநேரம் உற்றுப் பார்க்கும் வேலை இனி ஆகாது என்று ஆயிற்று. சின்னஞ்சிறு உயிர்களைப் பார்த்துக்கொண்டிருந்த கண், மனிதர்கள் வாழும் ஊர்களைப் பார்க்கத் தொடங்கியது.

சேரிக்குக் குடி போன தம்பதிகள்

1886ஆம் ஆண்டு அன்னா மார்ட்டன் என்ற பெண்மணியைக் கலியாணம் செய்துகொண்டார். இருவருக்கும் ஒரே மனம்.

எடின்பரோ நகரில் அப்போது இரண்டு பகுதிகள் இருந்தன. பணக்காரர்களுக்குப் புதிய நகரம். ஏழைகளுக்குப் பழைய நகரம். பழைய நகரத்தில் மாடி மேல் மாடியாக இடிந்த வீடுகள். ஒரே அறையில் ஒரு குடும்பம். சந்தெல்லாம் சாக்கடை.

புதுமணத் தம்பதிகள் எந்தப் பக்கம் வீடு பார்த்தார்கள்? பழைய நகரத்தில்! உறவினர்கள் திகைத்துப் போனார்கள்.

கெட்டிஸ் யாருக்கும் உபதேசம் செய்யவில்லை. முதலில் தம்முடைய வீட்டைச் சுத்தம் செய்தார். பிறகு அடுத்த வீட்டுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு சுவருக்கு வெள்ளை அடித்தார். ஜன்னலில் பூந்தொட்டி வைத்தார். குப்பை கொட்டிக் கிடந்த மூலையில் சின்னத் தோட்டம் போட்டார். இடிந்துவிழும் நிலையில் இருந்த வீட்டை மட்டும் இடித்து, அந்த இடத்தில் காற்றும் வெயிலும் வர வழி செய்தார். மற்ற வீடுகளைப் பழுது பார்த்தார்.

ஒரு சந்து சீர்பட்டது. பிறகு அடுத்த சந்து. குடியிருந்த ஜனங்களை விரட்டாமலே ஊரைத் திருத்த முடியும் என்று அவர் கண்டுகொண்டது அங்கேதான்.

அதன் பிறகு 1888ஆம் ஆண்டு டண்டி நகரக் கல்லூரியில் தாவர நூல் பேராசிரியர் ஆனார்.

அகதிகளுக்குப் பட்டுப்பூச்சி

1894 முதல் 1896 வரையில் துருக்கி ராஜ்யத்தில் ஆர்மீனிய மக்கள் ஆயிரம் ஆயிரமாகக் கொல்லப்பட்டார்கள். தப்பிப் பிழைத்தவர்களில் சிலர் சைப்ரஸ் தீவில் வந்து ஒதுங்கினார்கள்.

ஐரோப்பாவில் பலர் இரக்கப்பட்டுப் பணம் கொடுத்தார்கள். அந்தப் பணத்தில் ரொட்டியும் துணியும் வாங்கிக் கொடுத்தார்கள். ஆனால் ரொட்டி தின்று முடிந்ததும் அகதி மறுபடியும் அகதிதான்.

1897ஆம் ஆண்டு கெட்டிஸ் தம்பதிகள் சைப்ரசுக்குக் கப்பல் ஏறினார்கள். தீவின் மண்ணையும் தண்ணீரையும் சுற்றிப் பார்த்தார்கள். அகதிகளுக்கு என்ன தொழில் தெரியும் என்று விசாரித்தார்கள். பண்ணை நிலத்துக்கு ஏற்பாடு செய்தார்கள். பயிர்த்தொழிலும் பட்டுப்பூச்சி வளர்ப்பும் கற்றுக்கொடுக்க வழி செய்தார்கள்.

தறியும் நூலும் தெரிந்த கொங்கு நாட்டாருக்கு இதன் அருமை விளங்கும். கையில் ஒரு தொழில் இருந்தால் அகதி குடியானவன் ஆகிறான். குடியானவன் வீடு கட்டுகிறான். வீடுகள் சேர்ந்தால் ஊர் பிறக்கிறது. அவசர உதவிக்கு வந்த பணம் அப்படித்தான் முளைவிட வேண்டும் என்று கெட்டிஸ் நினைத்தார்.

எம்டன் மூழ்கடித்த பொக்கிஷம்

ஊர்களைப் பற்றிய படங்களையும் வரைபடங்களையும் கெட்டிஸ் பல வருஷங்களாகச் சேர்த்து வைத்திருந்தார். அது ஒரு பெரிய கண்காட்சி. அப்போது சென்னை ராஜதானியின் கவர்னராக இருந்தவர் பெண்ட்லண்ட் பிரபு. இந்த நாட்டின் ஊர்களையும் வந்து பார்க்கும்படி கெட்டிசை அழைத்தார்.

1914ஆம் ஆண்டு கெட்டிஸ் தம்முடைய மூத்த மகன் அலஸ்டரோடு இந்தியாவுக்குப் புறப்பட்டார். கண்காட்சிச் சாமான்கள் 'கிளான் கிராண்ட்' என்ற வேறொரு கப்பலில் வந்தன.

அதற்குள் முதல் உலக யுத்தம் மூண்டுவிட்டது. எம்டன் கப்பலை அறியாதவர் தமிழ்நாட்டில் உண்டா? 1914 செப்டம்பரில் சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு போட்ட அதே ஜெர்மன் கப்பல்தான். அடுத்த மாதமே அது கிளான் கிராண்டை வழிமறித்துக் கடலில் மூழ்கடித்தது. வாழ்நாள் சேமிப்பு முழுவதும் கடலுக்குள் போய்விட்டது!

வேறொருவராக இருந்தால் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பார். கெட்டிஸ் சளைக்கவில்லை. சீமையில் இருந்த நண்பர்கள் புதிய படங்களைத் திரட்டி அனுப்பினார்கள். 1915 ஜனவரியில் சென்னை சேப்பாக்கத்தில், சர்வகலாசாலையின் செனட் மண்டபத்தில் கண்காட்சி திறக்கப்பட்டது.

கொள்ளை நோய்க் காலம்

கெட்டிஸ் வந்தபோது இந்தியா பிளேக் நோயால் நடுங்கிக்கொண்டிருந்தது. 1896ஆம் ஆண்டு பம்பாயில் அந்த நோய் தலைகாட்டியது. அதன் பிறகு வந்த இருபது சொச்சம் வருஷங்களில் நாடு முழுவதும் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள்.

கொங்கு நாட்டையும் அது விடவில்லை. 1901ஆம் ஆண்டுக் கணக்கில் கோயமுத்தூர் நகரத்தின் ஜனத்தொகை சுமார் 53 ஆயிரம். பத்து வருஷம் கழித்து எண்ணியபோது 47 ஆயிரம்தான் இருந்தது! ஜனங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே கொட்டகை போட்டு வாழ்ந்தார்கள். பிளேக் மாரியம்மன் என்ற பெயரில் கோயிலே எழுந்தது.

பிளேக் எப்படிப் பரவுகிறது? எலியின் மேல் தெள்ளுப்பூச்சி இருக்கும். நோய் கண்ட எலி செத்ததும் பூச்சி மனிதனைக் கடிக்கும். நோய் மனிதனுக்குத் தொற்றும். இருட்டு வீடு, குப்பை, மூட்டை முடிச்சு இருக்கும் இடத்தில் எலி பெருகும்.

இதைத் தெரிந்துகொண்ட அதிகாரிகள் ஒரு சுலபமான வழி கண்டார்கள். நெருக்கமான தெருக்களை இடி! அகலமான நேர்ச்சாலை போடு! பம்பாயில் 1898ஆம் ஆண்டு இதற்கென்றே ஒரு சபை ஏற்பட்டது.

சாலை அழகாகத்தான் இருந்தது. ஆனால் இடிபட்ட வீட்டில் இருந்த ஏழை எங்கே போனான்? ஊரை விட்டுப் போனால் வேலை போய்விடும். அதனால் அடுத்த சந்தில் இருந்த உறவினர் வீட்டில் நுழைந்தான். ஒரு குடும்பம் இருந்த அறையில் இரண்டு குடும்பம் ஆயிற்று. வாடகை ஏறியது. நெருக்கடி கூடியது. எலியும் கூடவே குடி போயிற்று!

பெருந்தொகை செலவாகியும் நோய்க்குக் காரணமான நெருக்கடி இடம் மாறி உட்கார்ந்துகொண்டது.

தஞ்சாவூர்ச் சந்துகளில்

கெட்டிஸ் விடியற்காலையில் எழுந்து தெருவில் நடப்பார். கையில் வரைபடம் இருக்கும். சந்து பொந்தெல்லாம் நுழைவார். கிணற்றை எட்டிப் பார்ப்பார். எந்த வீட்டுத் திண்ணையில் காற்று வருகிறது, எந்த மூலையில் குப்பை சேருகிறது என்று குறித்துக்கொள்வார். பெண்கள் தண்ணீருக்கு எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்று பார்ப்பார். பல நாள் நடந்த பிறகுதான் யோசனை சொல்வார். நாடி பார்க்காமல் மருந்து கொடுக்கலாமா?

தஞ்சாவூர்க் கோட்டைப் பகுதியில் வீடுகளை இடித்து அகல வீதிகள் போட ஒரு திட்டம் இருந்தது. கெட்டிஸ் அதே இடத்தை நடந்து பார்த்தார். வழியை அடைத்த சில இடிந்த வீடுகளை மட்டும் எடுத்தால் போதும் என்று காட்டினார். காலி மனைகளை ஒன்று சேர்த்து மரம் நட்டால் பிள்ளைகள் விளையாட இடம் கிடைக்கும், பெரியவர்கள் உட்கார நிழல் கிடைக்கும் என்றார். இதற்கு ஆகும் செலவும் மிகக் குறைவு. முக்கியமாக, வீடு இழப்பவர்கள் மிகச் சிலரே.

நல்ல வைத்தியன் கெட்ட சதையை மட்டும் அறுத்து எடுப்பான். கையையே வெட்டிவிட மாட்டான். கெட்டிஸ் ஊருக்குச் செய்யச் சொன்ன சிகிச்சையும் அப்படித்தான்.

நம்முடைய கோயில் நகரங்களைக் கண்டு அவர் அதிசயித்தார். தேரோடும் அகன்ற வீதிகளும் நிழல் மரங்களும் குளங்களும் அவரை மிகவும் கவர்ந்தன. பட்டம் பெற்ற எஞ்சினீயர்கள் வருவதற்கு முன்பே ஊர் கட்டத் தெரிந்த ஜனங்கள் இவர்கள் என்று புகழ்ந்து எழுதினார்.

கொசுவுக்குப் பயந்து குளங்களை மண் போட்டு மூடுவதை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. குளத்தில் மீனும் வாத்தும் விட்டால் அவை கொசுவின் முட்டைப் புழுக்களைத் தின்றுவிடும். மழை வெள்ளத்தைக் குளம் வாங்கிக்கொள்ளும். கோடையில் ஊரைக் குளிர வைக்கும். குளத்தை மூடினால் தண்ணீர் எங்கே போகும்? வீட்டுக்குள்தான் வரும்!

இரட்டைத் துயரம்

1917ஆம் ஆண்டு கெட்டிசின் தலையில் இடி விழுந்தது. மகன் அலஸ்டர் பிரான்ஸ் போர்முனையில் குண்டுபட்டு இறந்தான் என்று செய்தி வந்தது. தகப்பனாரின் வேலையைத் தொடர்ந்து செய்ய வேண்டிய பிள்ளை அவன்.

அந்த நேரத்தில் மனைவி அன்னாவும் கடும் நோயில் கிடந்தாள். மகன் இறந்ததைச் சொன்னால் அந்தக் கணமே உயிர் போய்விடும். கெட்டிஸ் செய்தியை மனதிற்குள் புதைத்துக்கொண்டார். வெளியே கண்ணைத் துடைத்துவிட்டு, உள்ளே சிரித்த முகத்தோடு போய் உட்கார்ந்தார். ஜூன் மாதம் கல்கத்தாவில் அன்னா கண்ணை மூடினாள். மகன் போய்விட்டது கடைசி வரையில் அவளுக்குத் தெரியாது.

வயது அறுபதைத் தாண்டிவிட்டது. ஊருக்குத் திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் அவர் மறுபடியும் வரைபடத்தை எடுத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினார். போன இடம், இந்தூர்.

கிழட்டுத் துரை வருகிறான்!

இந்தூர், ஹோல்கார் மகாராஜாவின் தலைநகரம். நம்முடைய கோயமுத்தூர், திருப்பூர்ப் பக்கம் போல அங்கேயும் பஞ்சாலைகள் உண்டு. மில் வேலைக்கு வந்த ஜனங்களால் ஊர் நெரிந்தது. பிளேக் வருஷா வருஷம் வந்து உயிர்களை வாரிக்கொண்டு போயிற்று.

கெட்டிஸ் வரைபடத்தோடு தெருவில் இறங்கியதும் ஜனங்கள் நடுங்கினார்கள். கிழட்டுத் துரை வருகிறான், வீட்டை இடிக்கப் போகிறான் என்று பேச்சுப் பரவியது. தாய்மார்கள் குழந்தைகளை உள்ளே இழுத்துக்கொண்டு கதவைச் சாத்தினார்கள். பிளேக்கைக் காட்டிலும் இந்தத் துரைக்கு அதிகமாகப் பயந்தார்கள்!

ஜனங்கள் கதவைச் சாத்தினால் எந்தத் திட்டமும் பலிக்காது. இது கெட்டிசுக்குத் தெரியும். அவர் நேரே மகாராஜாவிடம் போனார். ஒரே ஒரு நாள் தம்மை மகாராஜாவாக இருக்க விட வேண்டும் என்று கேட்டார்!

மகாராஜா சம்மதித்தார்.

தீபாவளி ஊர்வலம்

உடனே ஊரெங்கும் ஓர் அறிவிப்பு. தீபாவளிக்குப் பெரிய ஊர்வலம் வரப் போகிறது. வழக்கமான வீதிகளில் அது போகாது. எந்தத் தெருவில் வீடுகள் மிகுதியாகச் சுத்தம் செய்யப்பட்டு, பழுது பார்க்கப்பட்டு இருக்கின்றனவோ அந்தத் தெரு வழியாகத்தான் போகும்!

அவ்வளவுதான். ஊரே சுறுசுறுப்பாகிவிட்டது. எங்கள் தெருவுக்கு வர வேண்டும், உங்கள் தெருவுக்கு வரக் கூடாது என்று போட்டி. வீட்டுக்கு வீடு வெள்ளை அடித்தார்கள். ஓட்டை அடைத்தார்கள். ஆயிரக்கணக்கான வண்டிக் குப்பை ஊரை விட்டு வெளியேறியது. குப்பை வாரக் கூலி கேட்கவில்லை. எலிப் பொறியில் எலிகள் ஆயிரம் ஆயிரமாக விழுந்தன. யாரும் யாரையும் அடித்து விரட்டவில்லை. ஜனங்கள் தாங்களாகவே செய்தார்கள்.

தீபாவளி வந்தது. யானை, குதிரை, வாத்தியம் முன்னே வந்தன. பிறகு பயங்கரமான உருவங்கள் வந்தன. ஊரைக் கெடுக்கும் அரக்கர்கள். இடிந்த வீட்டின் உருவம். மலேரியாவைக் காட்டப் பெரிய கொசு. எல்லாவற்றுக்கும் மேலாகப் பிளேக் எலி! ராட்சத எலி. அதன் உடம்பெல்லாம் துள்ளும் தெள்ளுப்பூச்சிகள். குழந்தைகள் அலறிச் சிரித்தார்கள்.

கொஞ்சம் இடைவெளி. பிறகு வாத்தியம் மாறியது. தெருப்பெருக்கும் தொழிலாளர்கள் வெள்ளை வெளேரென்று உடுத்தி, பூச்சூடி வந்தார்கள். அவர்களுடைய வண்டிகள் வர்ணம் பூசப்பட்டுப் பளபளத்தன. மாடுகளின் கொம்புகள் மின்னின. தொட்டால் தீட்டு என்று ஒதுக்கி வைத்தவர்களை அன்றைக்கு ஊர் எழுந்து நின்று பார்த்தது. கெட்டிஸ் அவர்களுக்குப் பூக் கொடுத்து மரியாதை செய்தார். கொள்ளை நோயிலிருந்து ஊரைக் காப்பவர்கள் அவர்கள் அல்லவா?

அவர்களுக்குப் பின்னால் நகரத் தேவதை வந்தாள். கூடவே இந்தூரின் புதிய வரைபடம். வரப்போகும் வீடுகள், தோட்டங்கள், பள்ளிக்கூடங்களின் உருவங்கள் வண்டி வண்டியாக வந்தன. கடைசியாக வந்த வண்டிகளில் துளசி நாற்றுகள். வீட்டுக்கு ஒரு நாற்று கொடுத்தார்கள்.

இரவு மைதானத்தில் அரக்கனையும் எலியையும் கொளுத்தினார்கள். வாணம் வெடித்தது. பிளேக் எரிந்தது!

அந்தப் பருவத்தில் நோய் தணிந்தது. நோய்க் காலம் முடிந்ததும் அதற்கு ஒரு காரணம். சுத்தம் செய்ததும் ஒரு காரணம். ஆனால் ஜனங்களின் பயம் தீர்ந்ததுதான் பெரிய லாபம். கெட்டிஸ் மறுநாள் தெருவில் போனபோது கதவுகள் திறந்தன. குழந்தைகள் ஓடி வந்தார்கள்.

ஊர்வலத்துக்குப் பிறகு

இதோடு நின்றிருந்தால் கெட்டிஸ் ஒரு நாள் கூத்து நடத்தியவர் ஆகியிருப்பார். அவர் உடனே அடுத்த வேலையில் இறங்கினார். 1918ஆம் ஆண்டு இந்தூருக்காக இரண்டு பாகத்தில் ஓர் அறிக்கை எழுதி வெளியிட்டார்.

மில் தொழிலாளிகளுக்கு எங்கே வீடு வேண்டும்? வேலைக்கு நடந்து போகும் தூரத்தில். வீடு எப்படி இருக்க வேண்டும்? காற்றும் வெளிச்சமும் வர வேண்டும். ஒரு மரம் நிற்க இடம் வேண்டும். சாக்கடை நீரை ஆற்றில் விடலாமா? கூடாது. தோட்டத்துக்கு உரமாகப் பாய்ச்ச வேண்டும். நதிக்கரையை எப்படிக் காக்க வேண்டும்? கிணறுகளை எப்படிச் சுத்தமாக வைக்க வேண்டும்? எல்லாவற்றையும் விவரமாக எழுதினார்.

அவர் சொன்னதெல்லாம் நடந்துவிடவில்லை. பல ஊர்களில் அவருடைய அறிக்கை அலமாரியில் தூங்கியது. நேர்ச்சாலை போடுவதில் பெருமை கண்ட அதிகாரிகளுக்குச் சந்து சந்தாகத் திருத்தும் வேலை பிடிக்கவில்லை. இடிப்பது சீக்கிரம் முடியும். பழுது பார்ப்பதற்கோ பொறுமை வேண்டும். ஜனங்களோடு உட்கார்ந்து பேச வேண்டும்.

ஆனால் நகரத்தைத் திட்டமிட்டுக் கட்ட வேண்டும் என்ற எண்ணம் நாட்டில் வேர் விட்டது. 1920ஆம் ஆண்டு சென்னை ராஜதானியில் நகரத் திட்டச் சட்டம் வந்தது. பிளேக்கில் அடிபட்ட கோயமுத்தூரும் பழைய நெருக்கடியை விட்டு மேற்கே விரிந்தது. அங்கே உருவான புதிய பகுதிதான் ஆர்.எஸ்.புரம். நகரசபைத் தலைவராக இருந்த ரத்தினசபாபதி முதலியாரின் பெயரால் அது வழங்குகிறது. சிறுவாணித் தண்ணீரை நகரத்துக்குக் கொண்டுவரப் பாடுபட்டவரும் அவரே. கொள்ளை நோய் போன பிறகும் ஊர் சும்மா இருக்கவில்லை என்பதற்கு அந்த வீதிகள் சாட்சி.

கடைசி நாட்கள்

கெட்டிஸ் 1919 முதல் 1924 வரையில் பம்பாய் சர்வகலாசாலையில் சமூக நூல் பேராசிரியராக இருந்தார். கவி ரவீந்திரநாத் தாகூரும் விஞ்ஞானி ஜகதீச சந்திர போசும் அவருக்கு நண்பர்கள். போசின் வாழ்க்கை வரலாற்றை 1920ஆம் ஆண்டு புத்தகமாக எழுதினார். 1925ஆம் ஆண்டு பாலஸ்தீனத்தில் டெல் அவிவ் நகரத்துக்குத் திட்டம் வகுத்தார்.

கடைசிக் காலத்தில் பிரான்ஸ் நாட்டில் மோன்பெலியே என்ற ஊரில் தங்கினார். அங்கே மாணவர்களுக்காக ஒரு விடுதி கட்டினார். தோட்டம் போட்டார். குழந்தையாக இருந்தபோது தகப்பனாரோடு விதை போட்ட கை, கிழ வயதிலும் விதை போட்டது. 1932ஆம் ஆண்டு பிரிட்டிஷ் அரசாங்கம் 'சர்' பட்டம் கொடுத்தது. அதே ஆண்டு ஏப்ரல் 17ந் தேதி அவர் காலமானார்.

ஓடைக்கரையில் ஒரு நிமிஷம்

மறுபடியும் திருப்பூருக்கு வருவோம். கெட்டிஸ் சங்கிலிப் பள்ளத்தின் கரைக்கு வந்திருந்தால் என்ன செய்திருப்பார்?

சோற்றுப் பொட்டலத்தை வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டார். பசித்தவனுக்கு முதலில் சோறுதான். ஆனால் அவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து விசாரித்திருப்பார். எந்தக் கம்பெனியில் வேலை? ராத்திரி ஷிப்டு முடிந்து எப்படி வீட்டுக்கு வருகிறாய்? பிள்ளை எந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறது? தண்ணீர் எங்கே பிடிக்கிறீர்கள்? வாடகை எவ்வளவு கொடுக்க முடியும்?

பிறகு ஓடையை அதன் தலைப்பிலிருந்து நடந்து பார்த்திருப்பார். தண்ணீரை வாங்கிக்கொள்ளும் குளம் எது, அதை அடைத்தது எது என்று குறித்திருப்பார். வெள்ளம் கட்டாயம் வரும் இடத்தை ஓடைக்கே விட்டுவிட்டு, அங்கே இருந்த குடும்பங்களுக்கு வேலைக்குப் பக்கத்திலேயே மேட்டு நிலத்தில் இடம் தேடியிருப்பார். மற்ற வீடுகளை அங்கேயே பலப்படுத்தச் சொல்லியிருப்பார். அந்த வேலையில் வீடு இழந்தவர்களையும் சேர்த்துக்கொண்டு கூலி கொடுக்கச் சொல்லியிருப்பார்.

அவசரத்துக்கு வந்த பணத்தில் பாதி வயிற்றுக்கும் பாதி வேருக்கும் போக வேண்டும் என்பது அவருடைய தோட்டக் கணக்கு.

வெள்ளமும் கொள்ளை நோயும் ஒரு நாள் வந்து போய்விடும். அவை வரும் வழியைத் திறந்து வைப்பதும் அடைத்து வைப்பதும் ஊரின் கையில்தான் இருக்கிறது. இந்தூர்க்காரர்கள் அன்றைக்கு வாங்கிப் போனது ஒரு துளசி நாற்று. அதை நட்டு, தினம் தண்ணீர் ஊற்ற வேண்டியவர்கள் அவர்களேதான்.